டாக்டர் ஹௌகனும் திருமதி ஹௌகனும்

லைல் ஹௌகன் வீட்டு வாசலில் குழாயைப் பிடித்துக் காரைக் கழுவிக்கொண்டிருந்தபோது, தாக்ஸ்டர் கல்லூரியின் தலைவர் நேரிலேயே வந்து இறங்கினார். கல்லூரித் தலைவர் ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு வீட்டுக்கு வந்தால் அதற்கு இரண்டே காரணம்தான் இருக்க முடியும். ஒன்று நன்கொடை. இல்லையென்றால் அந்த வீட்டுப் பையன் விடுதியில் எதையோ கொளுத்திவிட்டான். ஹௌகன் வீட்டில் அள்ளிக் கொடுக்கப் பணமும் இல்லை, கொளுத்துவதற்குப் பையனும் இல்லை. இரண்டு பெண்கள், இருவரும் கல்யாணமாகித் தூர ஊர்களுக்குப் போய்விட்டார்கள். அதனால் லைல் பயந்துபோய்க் குழாயைக் கீழே விட்டார். அது நெளிந்து புரண்டு தலைவரின் கால்சட்டையை முழங்கால் வரை நனைத்தது.

"பரவால்ல, பரவால்ல" என்றார் தலைவர் கர்ட்டிஸ் விட்லாக். "ஒரு டாக்டர் கையால நனையறதுக்குக் குடுத்து வச்சிருக்கணும்."

"எந்த டாக்டர்?"

"நீங்கதான். இன்னும் ஆகல. மே மாசம் பட்டமளிப்பு விழாவுல ஆயிடுவீங்க. விஞ்ஞானத்துல கௌரவ டாக்டர்!"

லைலுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. தண்ணீர் அதுபாட்டுக்குப் புல்தரையில் ஓடிக்கொண்டிருந்தது.

இந்த மனுஷருக்கும் விஞ்ஞானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், நியாயமான கேள்விதான். அமெரிக்காவில் அயோவா மாநிலத்தின் ஒரு கோடியில் பெல்ரோஸ் என்ற ஊரின் டிவி நிலையத்தில் லைல் வானிலை சொல்கிறவர். அரசாங்க வானிலை நிலையம் அனுப்புவதைச் சிரித்த முகத்தோடு வாசிப்பார். பச்சைச் சுவருக்கு முன்னால் நின்று இல்லாத மேகத்தைக் கையால் தள்ளுவார். வெயில் என்றால் மஞ்சள் டை, மழை என்றால் நீல டை. டை தவறுவதே இல்லை. வானம்தான் அடிக்கடி தவறிவிடும். இதே தாக்ஸ்டர் கல்லூரியில் சின்ன வயதில் ஒரு வருஷம் படித்து, இயற்பியலில் தோற்று, அதற்குமேல் அந்தப் பக்கம் போகாமல் இருந்தவர் அவர்.

"என்னை எதுக்கு..." என்று இழுத்தார் லைல்.

விட்லாக் ஈரக் கால்சட்டையோடு நிமிர்ந்து நின்றார். அவருக்கு எங்கே நின்றாலும் அது மேடைதான்.

"வெளிப்படையாவே சொல்றேன், லைல். தாக்ஸ்டர்ல எல்லாமே வெளிப்படைதான். முதல்ல ஒரு விண்வெளி வீரரைக் கேட்டோம். அவருக்கு நேரமில்லையாம். அப்புறம் ஒரு பெரிய நாவலாசிரியை. கல்லூரி எங்க இருக்குனு கேட்டாங்க, சொன்னோம், அதுக்கப்புறம் பேச்சையே காணோம். ஆள் நேர்ல வந்து வாங்கினாதான் பட்டம்கிறது எங்க மரபு. அதனால எங்க கமிட்டி தகுதியை இன்னும் கறாராக்கிடுச்சு. ஆள் உயிரோட இருக்கணும். அந்தச் சனிக்கிழமை சும்மா இருக்கணும். யார் மனசும் புண்படறாப்ல இதுவரைக்கும் ஒண்ணும் பேசியிருக்கக் கூடாது. இதுல கடைசிதான் கஷ்டம். நீங்க தெனம் சாயங்காலம் டிவில பேசறீங்க. இத்தனை வருஷத்துல எதைப் பத்தியாவது, ஏதாவது ஒண்ணு, சொல்லியிருக்கீங்களா?"

லைல் மனசைத் தொட்டு யோசித்துப் பார்த்தார். "இல்ல."

"அதான்! எத்தனை பேரால முடியும் சொல்லுங்க!" விட்லாக் அவர் தோளைத் தட்டினார். பிறகு வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "கொரின் உள்ள இருக்காங்களா? என் அன்பைச் சொல்லுங்க. நாங்க லத்தீன் துறையை மூடிட்டோம்னு ஊர்ல பேசிக்கறாங்க. கேக்கவே மனசு வலிக்குது. மூடல லைல், அதுக்கு ஓய்வு குடுத்திருக்கோம். ரெண்டாயிரம் வருஷமா உழைச்ச மொழி, பாவம்."

அந்தத் துறை என்பதே கொரின் ஹௌகன்தான், லைலின் மனைவி. இருபது வருஷத்துக்கு மேல் தாக்ஸ்டரில் லத்தீன் சொல்லிக்கொடுத்தவள். வருஷா வருஷம் வசந்தத்தில் அவள் வேலையை இன்னும் ஒரு வருஷம் நீட்டிப்பார்கள். இந்த வசந்தத்தில் நீட்டவில்லை. ஜூனோடு சரி.

விட்லாக்கின் கார் தெருமுனை திரும்பிய பிறகும் லைல் வாசலிலேயே நின்றார். உள்ளே போக அவருக்குக் கூச்சமாக இருந்தது. ஏன் கூச்சம் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். கொரின் இளம் வயதில் மாநிலப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டத்துக்காக ஏழு வருஷம் உழைத்தவள். கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி இருந்தபோது லைலுக்கு பெல்ரோஸில் வேலை கிடைத்தது. "ஒரே ஒரு வருஷம், கொரின். நான் காலூன்றிக்கிறேன், அப்புறம் நீ போய் முடி" என்று அவர்தான் சொன்னார். அப்போதெல்லாம் காலை வானிலை அவர் பொறுப்பு. விடியுமுன்னே கிளம்பிவிடுவார். பிள்ளைகள், பள்ளிக்கூடம், காய்ச்சல், பனியில் மாட்டிய கார் எல்லாம் கொரின் தலையில் விழுந்தன. அந்த ஒரு வருஷம் இன்னும் முடியவில்லை. அவளுடைய ஆய்வுப் பெட்டிகளை வீடு மாறும்போதெல்லாம் லைல்தான் தூக்கிச் சுமந்தார். ஒரு தடவையும் திறந்து பார்த்ததில்லை.

கொரின் சமையலறை மேஜையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

"யாரு வந்தது?"

"விட்லாக்."

"என்னவாம்? காலேஜ் ரூம் சாவி கேக்கறாரா? ஜூன் முடியற வரைக்கும் அது என் ரூம், சொல்லிடு."

"எனக்கு டாக்டர் பட்டம் குடுக்கறாங்களாம்."

கொரின் வாய்விட்டுச் சிரித்தாள். அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

"எதுல?"

"விஞ்ஞானத்துல."

"நீ ஃபிசிக்ஸ்ல ஃபெயிலாச்சே!"

"அதை அவங்க கவனிக்கல போல." லைல் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "நான் வேணாம்னு சொல்லிடறேன், கொரின். அசிங்கமா இருக்கு."

"சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல."

"அப்ப வாங்கிக்கோ." அவள் மறுபடி பேனாவை எடுத்தாள். "உனக்கு ஆசையா இருக்கு. புது சைக்கிளைப் பாத்த பையன் மாதிரி இருக்கு உன் மூஞ்சி. சைக்கிளைத் திருப்பிக் குடுனு நான் ஏன் சொல்லணும்? போய் வாங்கிக்கோ போ."

அவள் கோபப்பட்டிருந்தால் லைல் பிழைத்திருப்பார். அன்றைக்கே தொலைபேசியில் மறுத்துவிட்டு, தியாகி மாதிரி ஒரு வாரம் வளைய வந்திருப்பார். அவள் அனுமதி கொடுத்துவிட்டாள். அந்த அனுமதி அவர் நெஞ்சில் மீன்முள் மாதிரி மாட்டிக்கொண்டது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் மனசில்லை. ஏனென்றால் அவள் சொன்னது உண்மை. அவருக்கு ஆசையாகத்தான் இருந்தது.

டிவி நிலையத்தில் மறுவாரமே "டாக்டர் லைல் சொல்கிறார்" என்று விளம்பரம் தயார் செய்துவிட்டார்கள். பட்டம் வாங்கிய பிறகு போட்டால் போதும் என்று லைல் தடுத்தார். போடவே வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். வாயெடுத்ததோடு சரி.

அடுத்து கல்லூரியிலிருந்து கொரினுக்கே ஒரு வேண்டுகோள் வந்தது. தாக்ஸ்டரில் கௌரவ டாக்டரைப் பற்றிய பாராட்டுரையை லத்தீனில்தான் வாசிப்பார்கள். யாருக்கும் புரியாது. புரியாததால் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். அதை எழுதத் தெரிந்த ஒரே ஆள் கொரின். லத்தீனுக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்களே தவிர, பாராட்டுரைக்கு ஓய்வு கொடுப்பதாக யாரும் சொல்லவில்லை. ஆகவே தாக்ஸ்டர் கல்லூரி லத்தீன் துறையின் கடைசிப் பணியாக, இயற்பியலில் தோற்ற தன் புருஷன் பெரிய விஞ்ஞானி என்று கொரின் லத்தீனில் எழுத வேண்டியதாயிற்று.

அவள் அதை எழுதிய அன்று லைல் இரண்டு மூன்று தடவை அவள் அறைப் பக்கம் போய்வந்தார்.

"என்ன எழுதறே?"

"கேட்டதை எழுதறேன். 'வானத்தின் இயல்புகளை ஆழ்ந்து ஆராய்ந்தவர்.'"

"உள்ள ஏதாவது குத்தி எழுதியிருக்கியா? எழுதினா எழுது. யாருக்கும் தெரியப் போறதில்ல. எனக்கும் தெரியாது."

கொரின் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தாள். "குத்தி எழுதினா லத்தீன் கெட்டுப்போயிடும், லைல். இலக்கணத்துல ஒரு பிசகு இல்லாம எழுதியிருக்கேன். போதும் போ."

அவள் குத்தி எழுதியிருக்கக் கூடாதா என்று அவருக்கு ஏக்கமாக இருந்தது. திட்டு வாங்கினால் கணக்கு நேராகிவிடும் என்று நினைக்கிற ஜாதி அவர். கொரினோ திட்டுவதாக இல்லை.

இதற்கு நடுவில் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. டாக்டர் பட்டம் வாங்குகிறவரின் கழுத்தில் பட்டுத் துண்டு ஒன்றை மாட்டி முதுகில் தொங்கவிடுவார்கள். அதுதான் விழாவின் உச்சம். அந்தத் துண்டைக் கொரின் கையால் போட்டுக்கொண்டால் என்ன? பட்டம் தனக்கு, பெருமை அவளுக்கு. லைல் புளகாங்கிதப்பட்டு, சடங்குகளுக்குப் பொறுப்பான பேராசிரியர் ரூபன் ஆஸ்ட்ராண்டரைப் போய்ப் பார்த்தார். ஆஸ்ட்ராண்டர் வேதியியல்காரர். வருஷத்தில் ஒருநாள் தங்கமுலாம் பூசிய கோல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஊர்வலத்தின் முன்னால் நடப்பார். மற்ற நாட்களில் அந்த ஒருநாளைப் பற்றி நினைத்துக்கொண்டிருப்பார்.

"கொரினா?" ஆஸ்ட்ராண்டரின் முகம் சுண்டிப்போயிற்று. "மன்னிக்கணும். டாக்டர் கழுத்துல டாக்டர்தான் துண்டு போடலாம். கொரின் வாங்கினது முதுகலைப் பட்டம்தானே. அவங்க அங்கியோட கையைப் பாருங்க, நுனி மூடியிருக்கும். உங்க அங்கியில கை அகலமா, மேல மூணு வெல்வெட் பட்டை இருக்கும். மூடின கை, பட்டை வச்ச கைக்கு மேல வரக்கூடாது. ஆயிரம் வருஷ வழக்கம்."

"தாக்ஸ்டர் ஆரம்பிச்சு அவ்வளவு வருஷமா ஆச்சு?"

"வழக்கம் எங்களுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிடுச்சு" என்றார் ஆஸ்ட்ராண்டர். பிறகு ஆறுதலாக, "ஒண்ணு செய்யலாம். நான் உங்களுக்குத் துண்டு போட்ட அந்த நிமிஷமே உங்களுக்கு அந்த அதிகாரம் வந்துடும். என்னிக்காவது கொரின் டாக்டர் பட்டத்தை முடிச்சாங்கன்னா அவங்களுக்கு நீங்க போடலாம். அவங்களுக்கு அது பெரிய கௌரவமா இருக்கும்."

லைல் நன்றி சொல்லிவிட்டு வந்தார். எதற்கு நன்றி சொன்னோம் என்று வழியெல்லாம் யோசித்தார்.

ஒரு மாலை குளியலறைக் கண்ணாடி முன்னால், தேங்காய்ப்பூத் துவாலையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, எவ்வளவு குனிந்தால் துண்டு தொப்பியில் இடிக்காது என்று அவர் பழகிக்கொண்டிருந்தார். குனிந்து நிமிர்ந்து, "நன்றி, நன்றி" என்று தலையசைத்து, கண்ணாடியைப் பார்த்தால் பின்னால் கொரின் நிற்கிறாள்.

லைல் துவாலையால் அவசரமாக முகத்தைத் துடைத்தார். துடைக்க முகத்தில் ஈரமே இல்லை.

"திருப்பிப் போட்டிருக்கே" என்றாள் கொரின். அவர் தோளிலிருந்து துவாலையை எடுத்து மறுபக்கமாகப் போட்டு, முன்கழுத்தில் தணித்துவிட்டாள். "வெல்வெட் வெளிய தெரியணும். முன்னால இந்த இடத்துல ஒரு சின்ன கொக்கி இருக்கும், சட்டைப் பொத்தான்ல மாட்டிடு. இல்லாட்டி கழுத்தை நெரிக்கும்."

"உனக்கு எப்படி இவ்வளவு..."

"நான் ஒரு காலத்துல வாங்கி வச்சிருந்தேன்" என்றாள். "முடிக்கறதுக்கு முன்னாடியே. ஆசைதான். அப்புறம் நம்ம பெரியவ ஹாலோவீனுக்கு மந்திரவாதி வேஷம் போட எடுத்துட்டுப் போனா."

அன்றிரவு லைல் சாப்பாட்டுத் தட்டை அப்படியே தள்ளி வைத்தார். அப்போதுதான் முடிவு செய்தார். கௌரவ டாக்டர்களுக்கு மேடையில் ஒன்றரை நிமிஷம் பேச நேரம் உண்டு. அதில் ஊரறிய உண்மையைச் சொல்லிவிடுவது. இந்தப் பட்டம் கொரினுக்குச் சேர வேண்டியது, அவளை முடிக்கவிடாமல் செய்தது நான், என்று எல்லோர் முன்னாலும் போட்டு உடைப்பது. அதை நினைத்ததுமே நெஞ்சுப் பாரம் இறங்கியது. வேலைக்குப் போகும் வழியில் காரில் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். எந்த இடத்தில் குரல் தழுதழுக்கும் என்றுகூட அவருக்குத் தெரிந்துவிட்டது. கொரினிடம் மட்டும் சொல்லவில்லை. அவளுக்கு இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டார்.

ஒரு விஷயத்தை அவர் யோசித்திருக்க வேண்டும். கொரினின் மாணவர்கள் அவளை "டாக்டர் ஹௌகன்" என்றுதான் கூப்பிடுவார்கள். தாக்ஸ்டரில் கரும்பலகை முன்னால் நிற்கிற எல்லோரும் பிள்ளைகளுக்கு டாக்டர்தான். ஆரம்பத்தில் கொரின் திருத்திப் பார்த்தாள். "நான் டாக்டர் இல்லப்பா." "சரி டாக்டர்" என்பார்கள். பிறகு விட்டுவிட்டாள். இதை அவளே ஒருநாள் லைலிடம் சொல்லியிருக்கிறாள்: "பொய்தான். ஆனா அந்தப் பொய்யில தெனமும் ஒரு மணி நேரம் இருந்துட்டு வர்றது நல்லா இருக்கு." லைல் அப்போது கேட்டுச் சிரித்தார். தன் பேச்சைத் தயாரித்தபோது அது நினைவுக்கே வரவில்லை, அல்லது வந்தும் அவர் அதை ஓரமாக நகர்த்தி வைத்தார். எது என்று அவராலேயே பின்னால் சொல்ல முடியவில்லை.

விழா நாள் வந்தது. முந்தின நாள் மாலை மஞ்சள் டை கட்டிக்கொண்டு, நல்ல வெயில் என்று லைல்தான் ஊருக்குச் சொல்லியிருந்தார். காலையிலேயே தூறல் ஆரம்பித்துவிட்டது. புல்வெளியில் போட்ட பெரிய கூடாரத்துக்குள் ஊரே நெருக்கியடித்துக்கொண்டு, குடைகளை உதறியது. ஆஸ்ட்ராண்டர் கோலைத் தூக்கி நடந்தார். அவருக்குப் பின்னால் விட்லாக். அவருக்குப் பின்னால் இரண்டு கௌரவ டாக்டர்கள். ஒருவர் பன்றித் தீவன ஆலை முதலாளி மெர்ல் குவிஸ்ட். கல்லூரியின் புதிய உடற்பயிற்சிக் கூடத்துக்கு அவர் பெயர் வைத்திருப்பதால், அவருக்கு மனிதநேய இலக்கியத்தில் டாக்டர் பட்டம். இன்னொருவர் லைல். பிறகு பேராசிரியர்கள் தகுதி வரிசையில் வந்தார்கள். எல்லோருக்கும் பின்னால், நீச்சல் பயிற்சியாளருக்குப் பக்கத்தில், நுனி மூடிய கைகளோடு கொரின் வந்தாள். லைல் திரும்பிப் பார்க்க முயன்றார். கொக்கி மாட்ட இன்னும் துண்டு வரவில்லை, கழுத்து மட்டும் சுளுக்கிக்கொண்டது.

கொரின் எழுதிய லத்தீனை விட்லாக் வாசித்தார். வாய் நிறையச் சுடுகஞ்சி வைத்துக்கொண்டு வாசிப்பதுபோல இருந்தது. அவர் மூச்சு வாங்கிய இடங்களில் எல்லாம் கூட்டம் கைதட்டியது. ஆஸ்ட்ராண்டர் துண்டைப் போட்டார். அது திருப்பி இருந்தது. லைல் குனிந்தபடியே அதைச் சரியான பக்கமாக்கி, கொக்கியைப் பொத்தானில் மாட்டிக்கொண்டார். முன்வரிசையில் யாரோ, "பாத்தியா, எவ்வளவு பழக்கம்!" என்றார்கள்.

லைல் ஒலிபெருக்கி முன்னால் போனார்.

"இன்னிக்கு நல்ல வெயில்னு நேத்து சொன்னது நான்தான்."

கூடாரம் சிரிப்பில் குலுங்கியது.

"இந்தப் பட்டம் எனக்குச் சேர வேண்டியதில்ல."

இன்னும் சிரிப்பு. விட்லாக் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"நெஜமாத்தான் சொல்றேன். என் மனைவி கொரின் அங்க கடைசி வரிசையில உக்காந்திருக்கா. ஏழு வருஷம் டாக்டர் பட்டத்துக்காக உசுரைக் குடுத்து உழைச்சா. கடைசி அத்தியாயம் பாக்கி. முடிக்க விடாம இந்த ஊருக்கு இழுத்துட்டு வந்தது நான்." சிரிப்பு அடங்கியது. "அவ எழுதினது ரோமானியர்களைப் பத்தி. ரோமானியர்களோட..."

அங்கே லைல் நின்றுவிட்டார். ரோமானியர்களோட எது? காரில் பேசிப் பழகியபோதெல்லாம் இந்த இடத்தை "ரோமானியர்களைப் பத்தி" என்று சொல்லித் தாண்டிவிட்டிருந்தார். இப்போது மேலே ஒரு வார்த்தை வேண்டியிருந்தது. சாலைகளா? குளியலறைகளா? பெட்டிகளின் மேல் அவள் கையெழுத்தில் ஏதோ இருந்தது. பெட்டியின் கனம் நினைவிருந்தது, எழுத்து நினைவில்லை.

"ரோமானியர்களைப் பத்தின ரொம்ப ரொம்ப முக்கியமான விஷயம்" என்று முடித்தார். "பிள்ளைங்களா, நீங்கல்லாம் அவளை டாக்டர் ஹௌகன்னு கூப்பிடறீங்க. ஆனா அவளுக்கு டாக்டர் பட்டம் கிடையாது. இன்னிக்கு எனக்கு இருக்கு. இது நியாயமா, சொல்லுங்க?"

குரல் சரியான இடத்தில் தழுதழுத்தது. கூடாரம் முழுக்க "ஆ..." என்று ஒரு பெருமூச்சு. பிறகு ஊரே எழுந்து நின்று கைதட்டியது. மெர்ல் குவிஸ்ட்கூடக் கண் விழித்துத் தட்டினார். லைலின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. எத்தனையோ வருஷமாக அழுத்திய பாரம் இறங்கி, உடம்பு பஞ்சாக இருந்தது. கடைசி வரிசையில் கொரின் தலை குனிந்து தன் அங்கியின் மூடிய கையை நீவிவிட்டுக்கொண்டிருந்தாள். அழுகிறாள் என்று நினைத்து லைல் உருகிப்போனார்.

கைதட்டல் ஓய்வதற்குள் விட்லாக் ஒலிபெருக்கியைப் பிடித்துவிட்டார். கைதட்டலை வீணாக்குகிற மனுஷரா அவர்?

"நண்பர்களே, உங்க மனசுல ஒரு கேள்வி எழும். இப்பேர்ப்பட்ட பெண்மணியை தாக்ஸ்டர் ஏன் இத்தனை வருஷமா கௌரவிக்கல? அதுக்குக் காரணம் எங்க கொள்கை. இங்க வேலை செய்யறவங்களை இந்தக் கல்லூரி கௌரவிக்கக் கூடாதுங்கறது சட்டம். கொரின் இங்க பாடம் நடத்தற வரைக்கும் எங்க கை கட்டியிருந்துச்சு. எங்களால என்ன பண்ண முடியும்? ஆனா சந்தோஷமான சேதி, வர்ற ஜூனோட அவங்க இங்க வேலை செய்யல! தடை நீங்கிடுச்சு! அடுத்த மே மாசம் கொரின் ஹௌகனுக்கு கௌரவ டாக்டர் பட்டம்! இதுக்காகத்தான் அவங்களை வேலையை விட்டு விடுவிச்சோம்னு நான் சொல்லல. இல்லைன்னும் சொல்லல!"

இந்தக் கைதட்டல் முந்தினதைவிடப் பெரிதாக இருந்தது. அத்தனை தலைகளும் பின்னால் திரும்பின. நீச்சல் பயிற்சியாளர் கொரினின் முழங்கையைப் பிடித்து எழுப்பி நிறுத்தினார். கொரின் நின்றாள், லேசாகத் தலையசைத்தாள், உட்கார்ந்தாள்.

விழா முடிந்து எலுமிச்சைச் சாறும் ஸ்ட்ராபெரி கேக்கும் கொடுத்தார்கள். லைலைச் சுற்றி ஒரே கூட்டம். "டாக்டர் லைல், அழ வச்சிட்டீங்களே!" "புருஷன்னா இப்படி இருக்கணும்!" என்றார்கள் பெண்கள். தங்கள் புருஷன்மாரை முறைத்துக்கொண்டே சொன்னார்கள். லைல் கைகுலுக்கிக் கைகுலுக்கி நகர்ந்து, ஒருவழியாகக் கொரின் நின்ற மூலைக்கு வந்துசேர்ந்தார்.

அவளிடம் டெஸ்ஸா என்ற பெண் தன் அம்மாவை அழைத்து வந்திருந்தாள். நாலு வருஷமும் கொரினிடம் லத்தீன் படித்தவள். கல்லூரியில் கடைசியாக லத்தீன் படித்துத் தேறியவளும் அவள்தான்.

"அம்மா, நான் போன்ல சொல்லிட்டே இருப்பேன்ல, இவங்கதான் டாக்டர்..." டெஸ்ஸா சட்டென்று நிறுத்தினாள். முகம் சிவந்தது. "சாரி. இவங்கதான் மிஸஸ் ஹௌகன்."

"ரொம்ப சந்தோஷம், மிஸஸ் ஹௌகன்" என்றாள் அந்த அம்மா. குரலில் அப்படி ஒரு பரிவு, ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்க வந்தவர்களின் பரிவு. "மனசைத் தளர விட்டுடாதீங்க. அடுத்த வருஷம் கிடைச்சிடும்ல."

"ஆமா, கிடைச்சிடும்" என்றாள் கொரின். டெஸ்ஸாவைக் கட்டிக்கொண்டு, வாழ்த்துச் சொல்லி, படம் எடுத்துக்கொள்ள நின்றாள். படத்தில் சிரிக்கவும் செய்தாள். அவர்களுக்குப் பின்னாலேயே இன்னும் மூன்று பிள்ளைகள் வந்தார்கள். ஒருவன் "கொரின் மேடம்" என்றான், ஒருத்தி ஒன்றுமே சொல்லாமல் கையை மட்டும் பிடித்துக்கொண்டாள். எதைச் சொல்லிக் கூப்பிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

லைல் கையில் கேக் தட்டோடு நின்றார். பஞ்சாக இருந்த உடம்பு இப்போது கல்லாகக் கனத்தது. அவளுக்கென்று அந்தக் கல்லூரியில் இருந்தது ஒன்றே ஒன்று. விட்லாக் வேலையைத்தான் பறித்தார், அதை விட்டுவைத்திருந்தார். அதை ஒலிபெருக்கியில் பிடுங்கி, அதற்கு ஊரையும் கைதட்ட வைத்தது லைல்தான்.

காரை கொரின்தான் ஓட்டினாள். லைலின் அங்கியும் துண்டும் பின்சீட்டில் ஈரமாகக் கிடந்தன. தூறல் மழையாகியிருந்தது.

"கொரின், நான் யோசிக்காம..."

"யோசிச்சுத்தான் பேசினே. நல்லாவே பேசினே. ஜனங்க அழுதாங்க."

"உனக்கு நல்லது பண்றதா நெனச்சேன்."

"தெரியும்." அவள் கார் விளக்குகளைப் போட்டாள். "உனக்கு என் ஆய்வு எதைப் பத்தினு தெரியல இல்ல?"

லைல் பின்சீட்டில் கிடந்த துண்டைத் திரும்பிப் பார்த்தார்.

"கல்லறை வாசகம், லைல். ரோமாபுரியில புருஷன்மாருங்க பொண்டாட்டிகளுக்குக் கல்லறைக் கல்லுல வெட்டி வச்ச புகழ்ச்சி. ஏழு வருஷம் அதைத்தான் படிச்சேன். அவளை மாதிரி யாரு உண்டு, என் குடும்பத்துக்காக எல்லாத்தையும் விட்டா, அவளுக்கு நான் ஒண்ணும் செய்யலயேன்னு ஒவ்வொருத்தனும் உருகி உருகி எழுதியிருப்பான். எல்லாக் கல்லும் பெரிய ரோட்டு ஓரத்துலதான் இருக்கும். போறவங்க வர்றவங்க நின்னு படிக்கணும்ல." அவள் கண்ணாடியில் பின்னால் பார்த்து வண்டியைத் திருப்பினாள். "அந்தப் பொம்பளைங்களுக்கு ஒரே ஒரு வசதி இருந்துச்சு. அதை ஊர் படிக்கறப்போ அவங்க யாரும் உயிரோட இல்ல."

லைல் ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை அவரிடம் இருந்தது. கூட்டத்துக்கு முன்னால் அது எவ்வளவு சுலபமாக வந்தது! இங்கே காருக்குள் அவளும் அவரும் மட்டும். வாயைத் திறந்தார், மூடினார், மறுபடியும் திறந்தார்.

"மழை ஆறு மணிக்கு மேல விட்டுடும்" என்றார்.

கொரின் வைப்பரை வேகப்படுத்தினாள்.